முளையை அறுத்த கை

9

டாக்டரம்மாவுக்குப் பழி வாங்க வேண்டும். ஒரு வாரமாகக் காரில் ஏறும்போதும் அதைத்தான் சொன்னார், இறங்கும்போதும் அதைத்தான் சொன்னார். பல் பிடுங்குவது அவர் தொழில். வேரோடு வராத எதையும் அவர் வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்வதில்லை.

"நாளைக்கு அந்த மேடையில அவங்க எல்லாரோட முகமும் கறுக்கணும். அதுக்கு எனக்கு ஒரே ஒரு அத்தாட்சி வேணும், மேடம்."

"கொடுத்துட்டா போச்சு" என்றார் மேடம். சுங்க இலாகாவில் இருபது வருஷம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இப்போது அடுத்தவர் குடும்பத்தைத் திறந்து பார்க்கிறவர். நான் அவருடைய உதவியாளன். கண்ணாடி தடிமனாக இருப்பதால் சோடாபுட்டி என்று கூப்பிடுவார். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேனா என்பதே சந்தேகம்.

விஷயம் இதுதான். டாக்டரின் கொள்ளுத்தாத்தா ஒரு தச்சர். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொன்னவர், இந்தத் துறைமுக நகரத்தில் கால் வைத்ததும் பேரை மாற்றிக்கொண்டார். கல்யாணமே ஆகாதவன் என்று சொல்லி இன்னொரு பெண்ணைக் கட்டினார். 'உளிச் சகோதரர் சங்கம்' என்று தச்சர்கள் நடத்திய ஒரு லாட்ஜில் உறுப்பினரானார். லாட்ஜ் என்றதும் வாடகைக்கு ரூம் கிடைக்குமா என்று முதல் நாள் நான் கேட்டேன், மேடம் பார்த்த பார்வையில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பதாகச் சத்தியம் பண்ணிக்கொண்டவர்கள் கூடும் சபையாம்.

ஊரில் அவர் கதவில் செதுக்கிய பூவுக்கு ஏழு இதழ். எட்டாவது இதழுக்கு இடம் விட்டு, வெறுமையாகவே வைத்திருப்பார். அதே ஏழு இதழ்ப் பூ இந்தச் சங்க மண்டபத்தின் கதவிலும் இருந்தது. "பேரை மாத்தலாம், கையை மாத்த முடியாது" என்று மேடம் கண்டுபிடித்துச் சொன்னது போன வாரம். அந்த மண்டபத்தில்தான் நாளை மாலை கொள்ளுத்தாத்தாவின் பெரிய வண்ணப்படத்தைத் திறக்கிறார்கள். படத்துக்குக் கீழே 'குடும்பத்தின் தூண்' என்று பித்தளையில் வெட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள். திறப்பவர், அந்த இரண்டாவது மனைவி வழிப் பேரன். நகரத்தில் பாதிப் பேர் உட்காருவது அவர் கடை நாற்காலியில்தான். அதனால் நாங்களும் அவரை நாற்காலிக்காரர் என்றே வைத்துக்கொண்டோம்.

இரண்டு நாள் முன்பு டாக்டர் நேராக அவர் கடைக்கே போய், தான் இன்னார் என்று சொல்லியிருக்கிறார். "யாரும்மா நீ?" என்று கேட்டாராம் அவர், வாங்க வந்தவர்கள் முன்னால். "எங்க தாத்தாவுக்கு ஒரே பொண்டாட்டி, ஒரே குடும்பம். ஏழு இதழ்ப் பூவை எந்தத் தச்சன் வேணும்னாலும் செதுக்கலாம். போம்மா, வேற வீட்டுக் கதவைப் போய்த் தட்டு."

அந்த 'யாரும்மா நீ' டாக்டரின் நெஞ்சில் எலும்பாகச் சிக்கியிருந்தது. நானாயிருந்தாலும் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

மண்டபத்துக்கு எதிரே காரை நிறுத்தினேன். டாக்டர் மடியிலிருந்த துணிப்பையை எடுத்தார். கழுத்தில் கயிறு போட்டுக் கட்டிய சின்னப் பை.

"இதைத்தான் கேட்டீங்க. கொள்ளுப்பாட்டி தலைமாட்டுலயே வெச்சிருந்தது. அவர் நினைவா அவங்ககிட்ட இருந்தது இது ஒண்ணுதான்."

மேடம் கயிற்றின் ஒரு நுனியை விரலால் தட்டினார். முடிச்சு தானாக விட்டுவிட்டது.

டாக்டர் அசந்துபோனார். "எப்படி மேடம்? அது எங்க வீட்டு முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். வீட்டுக்கு வந்த மருமகளுங்ககூடக் கத்தரிக்கோலைத்தான் தேடுவாங்க."

"யார் சொல்லிக்கொடுத்தது?"

"கொள்ளுப்பாட்டிதான்."

மேடம் பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது ஒரு மரக்குமிழ். காளான் தலை மாதிரி, கைக்கு அடக்கமாக. மேலே ஏழு இதழ்ப் பூ, தேய்ந்து மழுங்கியிருந்தது.

"எங்க குடும்பத்துல எல்லாக் குழந்தையும் பல்லு வரும்போது இதைத்தான் கடிச்சுது. நானும் கடிச்சிருக்கேன்" என்றார் டாக்டர். "ஏதோ பம்பரத்துக்குச் செதுக்க ஆரம்பிச்சு, பாதியில விட்டுட்டுக் கப்பலேறிட்டாருன்னு அப்பா சொல்வாரு."

"வேலையைப் பாதியில விடறது அவருக்குப் பழக்கம் போலிருக்கு" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. எனக்கும் சொன்ன பிறகுதான் தோன்றியது.

மேடம் குமிழின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டார். "கொள்ளுப்பாட்டி ஊரை விட்டு வெளியே போயிருக்காங்களா?"

"எங்கயும் போனதில்ல. ஒரே ஒரு தடவை, கைக்குழந்தையைத் தன் அம்மாகிட்ட விட்டுட்டு அக்கா வீட்டுக்குப் போனவங்க ஒரு வருஷம் கழிச்சுத்தான் வந்தாங்களாம். வந்ததுக்கு அப்புறம் அவர் பேச்சையே எடுக்கல. யாராவது கேட்டா, 'அவர் கணக்கு முடிஞ்சுது'ன்னு மட்டும் சொல்வாங்களாம். பாவம், மனசு விட்டுப்போச்சு."

"அந்த அக்கா வழியில யாராவது உங்க வீட்டுக் கல்யாணம் காட்சிக்கு வர்றதுண்டா?"

டாக்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "இல்ல... அப்படி யாரையும் நான் பார்த்ததே இல்லையே."

"சரி, நீங்க கார்லயே இருங்க. சோடாபுட்டி ஜன்னல்ல கையசைச்சா வாங்க."

நாங்கள் இன்சூரன்ஸ்காரர்களாகப் போனோம். விழா நடக்கும் கட்டடத்தைப் பார்வையிட வந்திருக்கிறோம் என்று மேடம் சொன்னார். என் கையில் அளவு நாடா இருந்தது. கையில் நாடாவும் முகத்தில் சலிப்பும் இருந்தால் எந்தக் கட்டடத்துக்குள்ளும் போகலாம் என்பது இந்தத் தொழிலில் நான் கற்றது.

நாற்காலிக்காரர் எழுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, துடைத்து வைத்த மாதிரி முகம். மண்டபம் முழுக்கப் புது வார்னிஷ் வாசனை. மேடையில் படம் சிவப்புத் துணிக்குள் மூடிக்கொண்டு நின்றது. எதிர்ச்சுவர் நெடுக வரிசை வரிசையாக மரமுளைகள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்றில் மீன், ஒன்றில் சங்கிலி, ஒன்றில் மூடிய கை. பலவற்றில் வெளுத்துப்போன நீலத் துணிப்பட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"சங்கத்துல சேர்ற ஒவ்வொருத்தரும் தன் கையால ஒரு முளை செதுக்கி இந்தச் சுவத்துல அடிக்கணும்மா" என்றார் அவர், பள்ளிக்கூடம் சுற்றிக்காட்டும் தலைமையாசிரியர் தோரணையில். "கூட்டத்துக்குத் தோள்ல போடற பட்டையை அதுல மாட்டணும். ஆள் செத்தாலும் பட்டை அங்கேயே தொங்கும். யாரும் தொட மாட்டாங்க."

"இது?" என்றார் மேடம்.

மூன்றாவது வரிசையில் ஓர் இடத்தில் முளை இல்லை. அறுபட்ட அடிக்கட்டை மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பளபளவென்று ஒரு பித்தளைச் சட்டம்.

"அது எங்க தாத்தாவோடது. அவருக்கு மேல ஆள் இல்லன்னு, அவர் முளையை அறுத்து எடுத்துட்டாங்க. இனி அந்த இடத்துல எவனும் பட்டை மாட்டக் கூடாது. அவ்வளவு மரியாதை."

"அந்த மரியாதை வேற யாருக்காவது கிடைச்சிருக்கா?"

"அதோ, அந்த மூலையில ரெண்டு இருக்கு. அவங்க யாருன்னு யாருக்கும் தெரியாது." சட்டென்று பேச்சை மாற்றி, பக்கத்தில் மாட்டியிருந்த பழைய குழுப் புகைப்படத்தைக் காட்டினார். பட்டை அணிந்த மீசைக்காரர்கள் மூன்று வரிசை. "இதே ரூம்ல எடுத்தது. சட்டமெல்லாம் நானே என் கையால போட்டேன். கடைப் பசங்களை நம்பறதில்ல."

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. மேடைக்குக் கம்பளம் வந்திருக்கிறது என்று அவர் வெளியே போனார். நான் ஜன்னலில் கையசைத்தேன்.

டாக்டர் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து சேர்ந்தபோது, மேடம் மூலையிலிருந்த இரண்டு அடிக்கட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"சோடாபுட்டி, ஒருத்தருக்கு மரியாதை பண்ணணும்னா மாட்ட இடம் கொடுப்பாங்களா, பிடுங்குவாங்களா?"

"எங்க அப்பா என் சைக்கிளைப் பிடுங்கினப்போ அதை மரியாதைன்னு நான் நினைக்கல, மேடம்."

"மரியாதை வாங்கின மத்த ரெண்டு பேரோட பேர்கூட மிஞ்சல. செத்தவன் பட்டையையே தொடாத சபை இது. அங்க முளையை அறுக்கறாங்கன்னா, அது கழுத்தை அறுக்கறதுக்குச் சமம். இது மரியாதை இல்ல. சபையை விட்டுத் துரத்தினதுக்கு அடையாளம்."

டாக்டரின் முகம் பிரகாசமாயிற்று. பல்லின் வேர் அசைந்ததும் அவர் முகம் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. "துரத்திட்டாங்களா? எதுக்காம்?"

"குமிழைக் கொடுங்க."

மேடம் அதை வாங்கி, அடிப்பக்கத்தைச் சுவரிலிருந்த கட்டையோடு வைத்தார். சற்றுத் திருப்பினார். ஒட்டுத் தெரியாமல் உட்கார்ந்தது. அடிக்கட்டையிலிருந்த சிராய், குமிழிலிருந்த பள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஏழு இதழ்ப் பூ தன் இடத்துக்கு வந்துவிட்டது.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"எப்படி... இது எங்க வீட்டுது. பம்பரம்..."

"யாராவது நல்ல மனுஷன் அறுத்த முளையை ஊருக்கு அனுப்பிவெச்சிருப்பான்" என்றேன் நான், கெட்டிக்காரன் மாதிரி.

"அனுப்பினவன் முடிச்சையும் சேர்த்து அனுப்பினானா?" மேடம் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "டாக்டர், உங்க வீட்டு முடிச்சு வீட்டு முடிச்சு இல்ல. கப்பல் மேல்தளத்துல படுக்கிறவங்க, மூட்டை உருளாம கம்பியில கட்டற முடிச்சு. இருபது வருஷமா அதை அவிழ்த்துத்தான் சம்பளம் வாங்கினேன். உங்க கொள்ளுத்தாத்தா அதைக் கத்துக்கிட்டிருந்தாலும் கப்பல்லதான் கத்துக்கிட்டிருக்கணும். அதுக்கப்புறம் அவர் வீடு திரும்பல. அப்போ உங்க கொள்ளுப்பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

டாக்டர் பையின் கயிற்றை விரலில் சுற்றிப் பார்த்தார்.

"அக்கா வீடுன்னு ஒண்ணு கிடையாது. அந்த ஒரு வருஷத்துல அவங்க இங்க வந்தாங்க, திரும்பிப் போனாங்க." மேடம் கட்டையின் வெட்டு முகத்தைக் காட்டினார். "மூலையில இருக்கற ரெண்டும் சுவரை ஒட்டி, மழமழன்னு அறுத்தது. தச்சன் கை. இது அப்படி இல்ல. கீழேருந்து மேல ஏறுது, அறுத்தவங்க குள்ளம். பாதியில கை ஓய்ஞ்சு, அந்தப் பக்கம் போய் அறுத்திருக்காங்க. ரெண்டு வெட்டும் நடுவுல சேரல, பிச்சு எடுத்திருக்கு. ரூம் நிறையத் தச்சனுங்க. ஒருத்தன்கூட 'கொடும்மா, நான் அறுத்துத் தர்றேன்'னு ரம்பத்தை வாங்கல. ஏன்னா அது அவன் வேலை இல்ல. அநியாயம் யாருக்கு நடந்துச்சோ, அவங்க கையாலதான் அறுக்கணும்."

டாக்டர் மெல்லக் குமிழைச் சுவரிலிருந்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். காதலின் நினைவு என்று மூன்று தலைமுறை கும்பிட்ட பொருள் அது. தலைமாட்டில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

"அப்போ எனக்குன்னு எதுவுமே மிச்சம் வைக்கலையா அவங்க?" என்றார் டாக்டர். குரலில் கோபம்தான் இருந்தது. யாராவது தன் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்ட மாதிரிக் கோபம். "நான் கடல் தாண்டி வந்திருக்கேன், மேடம். தூக்கமில்லாம வந்திருக்கேன்."

"கொஞ்சம் மிச்சம் இருக்கு." மேடம் புகைப்படத்தைக் காட்டினார். "சோடாபுட்டி, இந்தச் சட்டத்துல என்ன கோளாறு?"

பார்த்தேன். படத்தைச் சுற்றி வெள்ளை அட்டை. மூன்று பக்கம் ஒரு விரல் அகலம். வலது பக்கம் மட்டும் நாலு விரல்.

"கோணலா போட்டிருக்காரு."

"ஆயுசு பூரா நாற்காலிக்கால் அளவு பார்த்த மனுஷன் கோணலா போடுவாரா? மறைக்கணும்னு போட்டிருக்காரு. டாக்டர், உங்க பையில கொக்கி மாதிரி ஏதாவது இருக்கா?"

பல் குடையும் கொக்கி இல்லாமல் டாக்டர் வீட்டை விட்டே கிளம்புவதில்லையாம். பின்பக்கத்துச் சின்ன ஆணிகள் நாலும் வலியில்லாமல் கழன்றன. மேடம் அட்டையை உருவினார்.

மறைந்திருந்த பாகத்தில் ஒரு ஜன்னல். நான் சற்றுமுன் கையசைத்த அதே ஜன்னல். அதற்கு வெளியே தெருவில், கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு, ஒருவர் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் பட்டை இல்லை. நான் மேடைக்குப் போய்ச் சிவப்புத் துணியின் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். அதே மூக்கு, அதே மீசை.

"யாரும்மா அது..." என்று வாசலில் குரல் கேட்டது.

நாற்காலிக்காரர் டாக்டரைப் பார்த்தார். அடுத்து டாக்டர் கையிலிருந்ததைப் பார்த்தார். பாதிக் கேள்வி வாயிலேயே நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அது... அது எங்க இருந்துச்சு?"

"எங்க வீட்டுத் தொட்டில்ல" என்றார் டாக்டர்.

அவர் உட்கார்ந்துவிட்டார். புதுக் கம்பளத்தைத் தோளில் சுமந்தபடி இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கையசைத்து அவர்களை வெளியே அனுப்பினார். அவர்கள் போன பிறகுதான் பேசினார்.

"எங்கப்பா சாகறதுக்கு முன்னால சொன்னாரு. கூட்டம் நடக்கறப்போ ஒரு பொம்பளை உள்ள வந்து நின்னாளாம். அந்தப் பூவைப் பார்த்து, 'இது யாரோடது'ன்னு கேட்டாளாம். தாத்தா எழுந்திருக்கல. அவ விஷயத்தைச் சொன்னா. 'ரம்பம் கொடுங்க'ன்னா. சபை வழக்கப்படி எல்லாரும் சுவத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னுட்டாங்க. ரொம்ப நேரம் அறுத்தாளாம். அந்தச் சத்தம் செத்துப்போற வரைக்கும் தாத்தா காதுல இருந்துச்சாம்."

"அப்புறம்?"

"அறுத்ததை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுக் கப்பலுக்குப் போயிட்டா. தாத்தா துறைமுகம் வரைக்கும் பின்னாலயே ஓடினாரு. அவ திரும்பிப் பார்க்கல. அவர் காசுல கட்டின மண்டபம் இது, அவர் செதுக்கின கதவு. அதுக்குள்ள அவர் மறுபடி கால் வைக்கல. கூட்டம் நடக்கற நாளெல்லாம் அந்த ஜன்னல்ல வந்து நிப்பாராம். செத்தப்போ ஒரு சகோதரன்கூடத் தூக்க வரல."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். அவர் கேட்க வந்தது இதைத்தான். கேட்டபோது முகத்தில் சந்தோஷம் வந்தது, மறைக்கவில்லை. கண்ணும் கலங்கியது, அதையும் மறைக்கவில்லை.

"இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னை யாருன்னு கேட்டீங்க" என்றார்.

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மெதுவாக, ஒரு குழந்தை பொம்மையைக் கேட்பது போல் இரண்டு கையையும் நீட்டினார்.

"சபையில இன்னொரு வழக்கமும் உண்டும்மா. அறுத்தவங்களோ, அவங்க ரத்தமோ வந்து முளையை ஒட்டினா, மன்னிச்சதா அர்த்தம். ஆள் மறுபடி சகோதரன். அவர் பட்டையை நான் வெச்சிருக்கேன், மாட்ட இடமில்லாம. நாளைக்கு மேடையில, எல்லார் முன்னாலயும், நீங்களே உங்க கையால ஒட்டுங்க. நடந்தது எல்லாத்தையும் நானே மைக்ல சொல்றேன். என் முகம் கறுத்தா கறுத்துட்டுப் போகட்டும்."

எனக்கு மனசு இளகிவிட்டது, பொய் சொல்வானேன். மேடத்தைப் பார்த்தேன். அவர் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சுவருக்குப் போனார். குமிழை இன்னொரு முறை கட்டையோடு வைத்துப் பார்த்தார். கிழவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். டாக்டர் அதைத் திருப்பி எடுத்து, பையில் போட்டு, கயிற்றைச் சுற்றி, அந்த முடிச்சைப் போட்டு இழுத்தார்.

"ஒட்டணும்னு அவங்களுக்கு இருந்திருந்தா, அவங்களே இன்னொரு கப்பல் ஏறியிருப்பாங்க. ஆயுசு பூரா இருந்துச்சே அவங்களுக்கு. ஏறல. அவங்க கொடுக்காததை நான் எடுத்துக் கொடுக்க முடியாது."

"அப்போ நாளைக்கு மேடையில ஏறி..." என்று இழுத்தார் கிழவர்.

"ஏற மாட்டேன். முன்வரிசையில எனக்கு ஒரு சீட் போட்டு வைங்க, வந்து உட்காருவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது என் மடியில இருக்கும். மைக்ல என்ன சொல்றதுங்கறது உங்க பாடு." பக்கவாட்டுக் கதவு வரைக்கும் போனவர் நின்று, முதல் முறையாக அவரை உறவு சொல்லிக் கூப்பிட்டார். "அந்தச் சிவப்புத் துணியை நீங்கதான் இழுக்கணும், சித்தப்பா."